தாம்பாளத்துச் சுழி

அப்பா சைவ சித்தாந்தத்தை முறையாகப் பாடம் கேட்டவர். நான் கப்பல் புரொப்பெல்லரின் இதழ்கள்மேல் ஏறி இறங்கும் விசையைக் கணக்குப் போட்டே சம்பளம் வாங்கியவன். பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில் எங்கள் இருவருக்கும் நடந்த பேச்சில் பாதிக்குமேல் ஒரே கேள்விதான். செய்து முடித்த காரியம், முடிந்துபோன பிறகு, செய்தவனிடம் எப்படி வந்து சேர்கிறது?

பழைய கேள்வி. யாகம் இன்றைக்கே முடிந்துவிடுகிறது, சொர்க்கமோ செத்த பிறகுதான். நடுவில் பலனைத் தாங்கி நிற்பது எது என்று மீமாம்சகர்கள் கேட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்தியை வைத்து அதற்கு அபூர்வம் என்று பேரும் வைத்தார்கள். சமணர்கள் வினையை நுண்ணிய பொருளாகவே கொண்டு, உயிரோடு தூசிபோல ஒட்டவிட்டார்கள். அப்பாவின் சித்தாந்தத்தில் வினை சடம். செய்தவன் எந்தப் பிறவியில் எங்கே இருக்கிறான் என்று அதற்குத் தெரியாது. ஆகவே பலனைக் கூட்டுவிக்க இறைவன் வேண்டும். “தபால் தானா நடந்து வருமால?” என்பார்.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு இதற்குப் பதில் கிடைத்துவிட்டதாக நினைப்பு.

அசையாத தண்ணீரில் ஓர் இறக்கை சட்டென்று கிளம்புகிறது. தூக்குவிசை பிறக்க வேண்டுமானால் இறக்கையைச் சுற்றி நீருக்கு ஒரு சுற்றோட்டம் வேண்டும். ஆனால் பிசுபிசுப்பில்லாத திரவத்தில் மொத்தச் சுற்றோட்டம் மாறாது என்று 1869இல் கெல்வின் காட்டிவிட்டார். முதலில் பூஜ்யமென்றால் கடைசிவரை பூஜ்யம். ஆகவே தனக்கென்று எவ்வளவு சேர்க்கிறதோ அதே அளவு எதிர்ச்சுழியை இறக்கை தன் பின்விளிம்பிலிருந்து உதறிவிட்டுத்தான் போக முடியும். உதறியது சும்மா கிடப்பதில்லை. பின்னால் இருந்துகொண்டே, இறக்கைக்கு வரும் நீரைக் கொஞ்சம் கீழே அழுத்துகிறது. ஹெர்பர்ட் வாக்னர் 1925இல் இதைக் கணக்கிட்டார். கிளம்பிய மறுகணம் கிடைப்பது, கடைசியில் கிடைக்க வேண்டிய தூக்குவிசையில் சரிபாதி. மிச்சம் அந்தச் சுழி தூரம் போகப் போகத்தான் வரும். இறக்கையின் அகலத்தைப்போல் ஆறேழு மடங்கு தூரம் கடந்த பிறகுதான் 90 சதவீதம்.

இதைத் திருப்பியும் போடலாம். வெகுநேரமாக விசையோடு போகிற இறக்கையின் சாய்வைத் திடீரென்று பூஜ்யமாக்கினால் பாதிதான் உடனே போகும். மறு பாதி மெதுவாகக் கரையும். திருந்திய பின்னும் பழையது தொங்குகிறது! அன்று சாயங்காலமே அப்பாவுக்கு ஓர் இன்லேண்ட் லெட்டர் எழுதினேன். சடம் தானாகவே வந்து சேர்கிறது, தபால்காரர் தேவையில்லை என்று கொஞ்சம் மிதப்பாகவே எழுதிய ஞாபகம்.

பதில் போஸ்ட் கார்டில் வந்தது. ‘ஒற்றை இறக்கை, கரையில்லாத கடல். அங்கே வேறு யாரிடம் போகும்? உலகத்தில் ஒருவன்தான் இருக்கிறானா?’

என் தொழிலின் சிக்கல் முழுவதும் அந்தக் கார்டில் இருந்தது. புரொப்பெல்லர் கரையில்லாத கடலில் சுற்றுவதில்லை, கப்பலின் முதுகுக்குப் பின்னால் சுற்றுகிறது. உடலோடு இழுபட்டு வரும் நீர், மேலே பன்னிரண்டு மணி நிலையில் மிகவும் மந்தம். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் இதழும் அந்த மந்தத்துக்குள் ஒருமுறை நுழைந்தாக வேண்டும். நுழைந்ததும் நீர் வந்து படும் கோணம் கூடுகிறது, சுமை எகிறுகிறது, வெளியே வந்ததும் இறங்குகிறது. நாலு இதழ், நிமிஷத்துக்கு 120 சுற்று என்றால் வினாடிக்கு எட்டு இடி. பின்பக்கத்து கேபினில் மேஜைமேல் இருக்கும் டீ கிளாஸ் அதைச் சொல்லிவிடும். ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் ஒரு சுழி உதிர்கிறது. உதிர்ந்ததெல்லாம் திருகு படிக்கட்டாகப் பின்னே போகிறது. கால் சுற்று தள்ளி வரும் அடுத்த இதழுக்கு அது பக்கத்துவீடு.

ஒவ்வொரு கணமும் புதுசு என்று நினைத்துப் போடும் கணக்கு, இந்த இடியைக் கூட்டித்தான் காட்டும். உதிர்ந்த சுழிகளின் நினைவையும் சேர்த்தால் இடி தணியும், கொஞ்சம் பிந்தியும் வரும். இதழ் நுனியை அரிவாள்போலப் பின்னுக்கு வளைப்பது வேறொரு தந்திரம். முழு இதழும் ஒரே நேரத்தில் மந்த நீருக்குள் போகாது.

அமெரிக்காவில் எம்ஐடியின் கெர்வினும் லீயும் 1978இல் வெளியிட்ட முறைதான் எங்களுக்குப் பாலபாடம். இதழை ஒரு மெல்லிய பரப்பாகக் கொண்டு, அதன்மேல் சுழிகளால் வலை பின்னி, காலத்தைத் துண்டு துண்டாக நகர்த்திக் கணக்கிடுவது. ஒரு புள்ளியில் நீரின் வேகம் என்ன? கப்பல் உடல் கொடுத்தது, இந்த இதழ் தானே உதிர்த்தது, மற்ற இதழ்கள், அவை உதிர்த்தவை, எல்லாம் கூட்டி ஒரே எண். அந்தந்தப் பங்கைத் தனித்தனியாக அச்சிட்டுப் பார்க்கலாம். நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அது எனக்குத்தான் தெரியும், இதழுக்குத் தெரியாது. அதன்மேல் படுவது கூட்டுத்தொகை மட்டும். கப்பல் உடலை இதழ் செய்யவில்லை. (முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. புரொப்பெல்லர் இழுக்கிற இழுப்பில் உடலை ஒட்டிய ஓட்டமும் சற்று மாறும். பிறந்த வீட்டை நாமும் கொஞ்சம் மாற்றத்தானே செய்கிறோம்.)

தங்கச்சி மகளுக்குக் காது கேட்காது என்று அவளுடைய ஒன்றரை வயதில் தெரிந்தது. விசாரிக்க வந்த உறவுக்காரப் பெரியம்மா வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே, “போன பிறவில யார் வாயில விழுந்துச்சோ” என்றாள். தங்கச்சி வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அப்பா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பெரியம்மா கிளம்பிப் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன். “உங்க சித்தாந்தப்படி பெரியம்மா சொன்னது சரிதானேப்பா?”

“கணக்கு அவன்ட்ட இருக்குல. இவ கையில நோட்டக் கொடுத்தது யாரு?”

அந்தப் பதிலை இன்றைக்கும் மதிக்கிறேன், ஆனால் ஏற்க முடியவில்லை. நோட்டு என்று ஒன்று இருந்தால் குழந்தைக்கும் அதில் ஒரு பக்கம் இருக்கும். அப்பா அந்தப் பக்கத்தை மற்றவர் கண்ணில் படாமல் மூடிவைக்கிறார், அவ்வளவுதான். வினைக்குப் பலன் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உதறியது உதறியதுதான், எங்கேயாவது போய்ப் படும். ஆனால் அதன்மேல் முகவரி எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நீரில் யார் நிற்கிறாரோ அவர்மேல் படும்.

“அப்ப தப்புப் பண்ணவன் தப்பிச்சிட்டுப் போவான், பின்னால வர்றவன் வாங்கிக்கட்டுவான். இதுக்கு உன் கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?” என்று அப்பா விடாமல் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அது விசையைச் சொல்லும், நியாயத்தைச் சொல்லாது. சமாளிக்கப் பார்த்து, நிஜத் தண்ணீரில் பிசுபிசுப்பு உண்டு, எந்தச் சுழியும் நாளடைவில் தேய்ந்து அழிந்துவிடும் என்றேன். “அதத்தாம்ல அருள்ங்கிறோம்” என்றார் உடனே. பிசுக்கைப் போய் அருள் என்கிறவரிடம் என்ன பேசுவது?

தங்கச்சி மகளுக்கு எட்டு வயது இருக்கும்போது, ஒரு விடுமுறையில், பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி மேலே மிளகுத்தூள் தூவினேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை நிறுத்திப் பிடித்து, லேசாகச் சாய்த்து இழுத்துக் காட்டினேன். கிளம்பின இடத்தில் ஒரு சுழி பின்தங்கி நின்று சுற்றியது. அட்டையை நிறுத்தியதும் எதிர்ப்பக்கம் சுற்றும் இன்னொன்று கழன்று, முன்னால் ஓடி, விளிம்பில் மோதியது. அவள் தண்ணீரையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இன்னோர் அட்டையை எடுத்து, எதிர்ப்பக்கமிருந்து இழுக்க ஆரம்பித்தாள். நானும் இழுத்தேன். தட்டு முழுக்கச் சுழிகள்.

அப்பா நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நடுவில் பெரிதாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒன்றைச் சுட்டிக்காட்டி, இது யாருடையது என்று அவளிடம் சைகையால் கேட்டார். அவள் என்னைக் காட்டினாள். நான் அவளைக் காட்டினேன். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பக்கத்துச் சுழியோடு கலந்துவிட்டது.