கால்பங்கு ஆசான்

வணிகவியல் பயிலும் மாணவர் அனுபவம் மிக்க வழிகாட்டியை நாடிச் செல்வது செய்தி பெறுவதற்காக அன்று. செய்தி பாடநூலிலேயே கிடைக்கிறது. யாருக்குக் கடன் தரலாம், எந்த நேரத்தில் கைச்சரக்கைத் தள்ளிவிட வேண்டும், எந்த வாக்கை நம்பக் கூடாது என்று கணத்தில் தெளியும் விவேகத்தையே அவர் எதிர்பார்க்கிறார். அந்த விவேகம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறக்கூடியதுதானா என்பது மிகப் பழைய கேள்வி. இளைஞர் கணிதத்தில் வல்லவராகிவிடலாம், ஆனால் விவேகம் தனித்தனி நிகழ்வுகளோடு பழகிப் பெறுவதாகையால் அதற்குக் காலம் வேண்டும் என்று நிக்கோமாக்கிய அறவியலின் 6-ஆம் பகுதியில் அரிஸ்டாட்டில் வாதிடுகிறார்.

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரமோ இதற்கு ஒரு கணக்கையே போட்டுத் தருகிறது. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வையாக உள்வாங்கினாலும் கால்பங்குப் புலமைதான் கிட்டும். அத்துறையில் ஈடுபட்டோருடன் பழகுவதால் இன்னொரு கால்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைத் தானே பிறர்க்கு விரித்துரைக்கும்போதுதான் நிரம்பும். நூல் கற்பவரை மனத்திற்கொண்டு வகுத்த இக்கணக்கு வணிகத்துக்கு இன்னும் இறுக்கமாகப் பொருந்துகிறது.

பர்மாவிலும் மலாயாவிலும் செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளில் தொழில் பழக வந்த சிறுவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். பணப்பெட்டியின் அருகே அமர்ந்து எடுபிடி வேலை செய்யும் அவன், பின்னர் அடுத்தாளாகி, அதன்பின் கடையை நடத்தும் மேலாளாக உயர்வான். பல கடைகள் ஒரே நீண்ட கூடத்தில் அடுத்தடுத்து இயங்கிய கிட்டங்கியில், விரித்த பாயும் எழுதுபலகையாகவும் உதவிய மரப்பெட்டியுமே ஒரு கடை. அங்கே தனியாகப் பாடம் நடக்கவில்லை. கடன் கேட்டு வந்தவரிடம் மேலாள் எதை விசாரித்தார், எதை விசாரிக்காமலே விட்டார், எந்த இடத்தில் மௌனமானார் என்பதைப் பேரேட்டைப் புரட்டியபடியே பையன் கவனித்தான்.

சைவ மரபில் வளர்ந்த நகரத்தாருக்கு இப்படிச் சொல்லின்றிக் கற்பிப்பது புதிதன்று. ஆசிரியர் மாணவரை ஞானத்துக்கு உரியவராக்கும் தீட்சையைச் சைவம் ஏழாக வகுக்கிறது. அவற்றுள் பார்வையால் அருளும் நயன தீட்சையும் உண்டு, தொடுதலால் அருளும் பரிச தீட்சையும் உண்டு, சொல்லால் அருளும் வாசக தீட்சை அந்த ஏழில் ஒன்று மட்டுமே. ஆயினும் ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். ஞானகுருவைச் சிவமாகவே காணச் சொல்கிறது சைவம். தொழில் வழிகாட்டியை அவ்வாறு காணும் மாணவர், அவருடைய பிழைகளையும் சேர்த்தே வழிபடத் தொடங்கிவிடுவார்.

பிழை நேரவும் செய்தது. 1930-இல் நெல்விலை வீழ்ந்தபோது, ஆளைப் பார்த்து எடைபோடும் தலைமுறைத் தேர்ச்சி கைகொடுக்கவில்லை. கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் முதன்மையான 13 மாவட்டங்களில் அவ்வாண்டில் விளைநிலத்தின் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் உடைமை 1938-இல் 25 விழுக்காடாயிற்று; நிலத்தையன்று, புழங்கும் பணத்தையே விரும்பியவர்களிடம் வாராக்கடனுக்கு ஈடாக வயல்கள் வந்து குவிந்தன. அதற்குள் அடுத்தாளாகிவிட்ட பழைய பெட்டியடிப் பையன், பணம் நிற்க வேண்டிய இடத்தில் நிலத்தைக் காட்டும் ஐந்தொகையை, அதாவது வரவுசெலவு முடித்த இருப்புக்கணக்கை, ஊரிலிருந்த முதலாளிக்கு எழுதி, அது ஏன் அப்படியாயிற்று என்பதையும் தன் சொற்களிலேயே விளக்க வேண்டியிருந்தது.