பெயரும் சுவரும்

புகழுக்கு ஆசைப்படாத மனிதர் உண்டா என்று கேட்டால், உண்டு என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. மண்ணாசையும் பொன்னாசையும் போன பிறகும் பெயராசை மட்டும் போக மனமில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும். ஆகையால், தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளுகிறான் என்பதற்காக மட்டும் ஒருவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. என் கேள்வி வேறு. தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் அவன் எங்கே நின்று சொல்லுகிறான்? யாருடைய இடத்தை எடுத்துக்கொண்டு சொல்லுகிறான்?

தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையோடு நடந்து போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இராது. அங்கே சுவர் என்பது கூரையைத் தாங்குவதற்காக மட்டும் கட்டப்பட்டதல்ல. பிறந்தநாள் வாழ்த்து, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, மூலத்துக்கு வைத்தியம், உடனடிக் கடன், டியூஷன், வாடகைக்கு வீடு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டு, சில இடங்களில் சுவரைவிடக் காகிதமே கனமாக இருக்கிறது. சற்று வடக்கே, புது வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ரயில் தரையடியிலிருந்து வெளியே வந்து தூண்களின்மேல் ஏறுகிறது. அந்தத் தூண்களையும் நம்மவர்கள் சும்மா விடவில்லை.

பிறந்தநாள் சுவரொட்டியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நடுவில் ஒரு பெரிய முகம். கீழே, 'இப்படிக்கு' என்று சொல்லிக்கொண்டு பதினைந்து சின்ன முகங்கள். பெரிய முகத்துக்காகச் சின்ன முகங்கள் வந்தனவா, சின்ன முகங்கள் தெரிய வேண்டும் என்பதற்காகப் பெரிய முகம் வந்ததா என்று கண்டுபிடிப்பது கடினம். அச்சகத்துக்குப் பணம் உண்டு. பசைக்குப் பணம் உண்டு. இரவில் ஒட்டுகிற பையனுக்கும் கூலி உண்டு. சுவருக்கு மட்டும் காலணாக் கிடையாது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க நம் மாநிலத்தில் 1959-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. அந்தச் சேதி சுவர்களுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. 'இங்கே நோட்டீஸ் ஒட்டாதே' என்று எழுதிய எழுத்தின்மேலேயே நோட்டீஸ் ஒட்டுகிற தைரியம் நமக்கு இருக்கிறது.

இதை ஒருநாள் என் நண்பர் ஒருவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் சட்டென்று ஒப்புக்கொள்ளுகிற சுபாவம் அவருக்குக் கிடையாது.

"காசு இருக்கிறவன் பேப்பர்ல முழுப் பக்கம் வாங்கிப் போடறான். அவனைப் பெரிய மனுசன்னு சொல்றீங்க. காசு இல்லாதவன் சுவத்துல ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினா ஊரைக் கெடுத்துட்டான்னு சொல்றீங்க. எங்க தெருவுல ஒரு பொண்ணு, புருசன் போயிட்டான், கையில ஒரு தையல் மிஷினைத் தவிர ஒண்ணும் இல்ல. 'பிளவுஸ் தைத்துத் தரப்படும்'னு அட்டையில எழுதித் தெருமுனைக் கம்பத்துல கட்டியிருந்துது. அதைப் பார்த்துத்தான் நாலு பேரு துணி குடுத்தாங்க. அது வேற எங்க சார் போய்ச் சொல்லும்?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னதில் பாதிக்கு மேல் நியாயம் இருந்தது. விலைக்கு வாங்கிய இடத்தில் செய்கிற தற்பெருமை நாகரிகம், ஓசி இடத்தில் செய்வது மட்டும் அநாகரிகம் என்று சொன்னால், அது ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சாகாது. பணப்பையைப் பற்றிய பேச்சாகிவிடும். கம்பத்தில் தொங்கிய அந்த அட்டையையும் பிறந்தநாள் சுவரொட்டியையும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. சட்டத்தின் முன் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். மனத்துக்கு ஏன் ஒன்றாகத் தோன்றவில்லை?

பள்ளிக்கூடத்தில் நம்மில் பலர் வேண்டாவெறுப்பாகப் படித்த நன்னூலில் இதற்கு விடை இருக்கிறது. பவணந்தி முனிவர் இலக்கணம் சொல்ல வந்தவர். ஆனாலும் நூலுக்குப் பாயிரம் யார் எழுதலாம் என்று சொல்லும்போது இந்தத் தற்புகழ்ச்சி விவகாரத்தை எடுத்துக்கொள்ளுகிறார். ஒருவன் எத்தனை துறைகளைக் கரைகண்டிருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று முதலில் கண்டிப்பாகச் சொல்லுகிறார். ஆகையால்தான் சிறப்புப் பாயிரத்தை ஆசிரியரோ, உடன் படித்தவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ எழுத வேண்டும் என்று வைத்தார்கள். அதோடு அவர் நின்றுவிடவில்லை. நான்கு இடங்களில் புலவர்கள் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்ளலாம் என்று விலக்கும் தருகிறார்: அரசன் அவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே இருக்கும்போது, சபையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிரி தன்னைப் பழித்த பொழுதில்.

இந்த நான்கில் இரண்டாவதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். அறியாதவர்கள் நடுவில் சொல்லலாம். ஏனென்றால் அங்கே நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்கு வழியில்லை; உங்களுக்கும் பிழைப்பில்லை. தையற்காரப் பெண்ணின் அட்டை இந்த விதிக்குள் அடங்கிவிடுகிறது. அவளுக்குத் தைக்கத் தெரியும் என்பது தெருவுக்குத் தெரியாது. தெருவில் ரவிக்கை தைக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதோ அவளுக்குத் தெரியும். அந்த அட்டை இருவருக்கும் உதவி செய்தது. ஆனால் மூன்று வருஷமாக ஒவ்வொரு சந்திலும் சிரித்துக்கொண்டிருக்கிற முகத்தை அறியாதவர் யார்? அது யாருக்கு என்ன சேதி சொல்லுகிறது? இதே வட்டாரத்தில், புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்று வந்தாள். அந்தப் பெண்ணின் பெயரை யார் எந்தச் சுவரில் எழுதினாலும் எனக்குக் கசக்காது. தெரிந்துகொள்ள வேண்டிய சேதி அது.

எழுத்துத் துறையிலும் இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1920-இல் கடையத்திலிருந்த பாரதியார், தம் நூல்கள் அனைத்தையும் 40 புத்தகங்களாக வெளியிடப் போவதாக அறிவித்து, அதற்கு நண்பர்களிடம் கடனாகப் பணம் கேட்டார். தம் நூல்கள் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் விலைபோகும் என்று அவர் நம்பினார். அதை வாய்விட்டும் சொன்னார். எண்ணெய்க் கிடங்குகள் தண்டையார்பேட்டையில் இருக்கின்றன. தீப்பெட்டி செய்த விம்கோ ஆலையின் பெயர் திருவொற்றியூர்ப் பக்கத்து மெட்ரோ நிலையத்தில் நிலைத்திருக்கிறது. ஆகவே அந்த உவமையை இந்த வட்டாரத்தார் மற்றவர்களைவிட நன்றாகவே ரசிக்கலாம். கேட்ட பணம் வரவில்லை. அடுத்த ஆண்டே அவர் காலமானார். அவர் செய்தது தற்பெருமையா? அறியாதவர் நடுவே சொல்லிக்கொண்டது, அவ்வளவுதான். கேட்காமல் போனதால் நஷ்டம் அவருக்கு மட்டும் அல்ல. அவருடைய எழுத்துகளின் உரிமையை 1949-இல் அரசாங்கமே வாங்கிப் பொதுவாக்கியது. அவர் அன்று கேட்டதை நாடு ஒப்புக்கொள்ள இருபத்தொன்பது வருஷம் ஆயிற்று.

இதுவரை, 'யார் சொல்லலாம்' என்பதைப் பார்த்தோம். 'எவ்வளவு நேரம் சொல்லலாம்' என்பதும் அதே அளவு முக்கியம். காசிமேட்டிலிருந்து கூடையில் மீன் எடுத்து வருகிற அம்மாள் தெருவில் கூவுகிறாள். அதுவும் விளம்பரந்தான்; அதுவும் ஓசிதான்; ஊரார் காதைத்தான் அவளும் எடுத்துக்கொள்ளுகிறாள். ஆனால் அவள் தெருவைக் கடந்ததும் குரலும் கடந்துவிடுகிறது. பின்னால் கீரைக்காரி வருவதற்கு இடம் இருக்கிறது. பொது இடத்தைப் பயன்படுத்துகிற மரியாதை இதுவே: வாங்கியதை அப்படியே திருப்பி வைத்துவிட்டுப் போவது. அந்தத் தையற்காரப் பெண்ணின் கதையில் என் நண்பர் கடைசியாகச் சொன்ன ஒரு வார்த்தை என் மனத்தில் நின்றுவிட்டது. தீபாவளிக்கு ஏற்க முடியாத அளவு துணி வந்து சேர்ந்ததும், அவளே போய் அட்டையை அவிழ்த்து எடுத்துக்கொண்டாளாம். பிறந்தநாள் முடிந்து ஆறு மாதம் ஆன பிறகும் சுவரை விட்டு இறங்காத பெரிய மனிதர்களுக்கு இது தெரிய வேண்டும்.

தெரியாததால் வருகிற கேடு சுவரின் அழகு கெடுவது மட்டும் என்றால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். கொஞ்ச காலத்துக்கு முன் ஒரு பேருந்து நிறுத்தத்தின் சுவரில் 'காணவில்லை' என்ற தலைப்போடு ஒரு காகிதம் பார்த்தேன். மறதி நோய் உள்ள ஒரு முதியவர், வீட்டை விட்டுப் போய் இரண்டு நாள் ஆகிவிட்டது, நீலச் சட்டை, வலக் காலைச் சற்று இழுத்து நடப்பார். மங்கலான ஜெராக்ஸ் படம். மறுநாள் காலையில் போனபோது அந்தக் காகிதம் இல்லை. அது இருந்த இடத்தில் பளபளவென்று நான்கு வர்ணத்தில் ஒரு வாழ்த்து. ஓரத்தில் 'காண' என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் வெளியே தெரிந்தன.

ஒட்டிய பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருட்டில் அவன் என்னத்தைக் கண்டான்? என்னை வருத்தியது வேறு ஒன்று. முந்தைய நாள் அந்த நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றிருந்தேன். இருபது பேருக்குக் குறையாமல் அங்கே நின்றோம். அந்தக் காகிதத்தைப் படித்தவர்கள் இரண்டு மூன்று பேர்கூட இல்லை. சுவர் என்றாலே எவனோ ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளுகிறான் என்று நம் கண் பழகிவிட்டது. பார்க்காமலே பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது. தற்பெருமைக்காரன் எடுத்துக்கொள்ளுவது நாலடிச் சுவரை அல்ல. ஊராருக்குச் சுவரின்மேல் இருந்த நம்பிக்கையை எடுத்துக்கொள்ளுகிறான். உண்மையாகவே ஊரைக் கூப்பிட வேண்டியவன் கூப்பிடும்போது, திரும்பிப் பார்க்க ஆள் இல்லாமல் செய்துவிடுகிறான்.

சில சமயம் உயிரையும் எடுத்துக்கொள்ளுவதுண்டு. 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், அனுமதி இல்லாமல் சாலை நடுவே கட்டப்பட்டிருந்த திருமண வரவேற்பு பேனர் ஒன்று, ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண்மேல் சரிந்தது. விழுந்தவள்மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்த வரவேற்புக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பெயர் எழுதுவதே தவறு என்று நம் முன்னோர் நினைக்கவில்லை. திருவொற்றியூர்க் கோயில் சுவர்களில் பல்லவர், சோழர் காலத்துக் கல்வெட்டுகள் நிறைய இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன், தான் கொடுத்ததோடு, தன் தமக்கை கொடுத்ததையும், தேவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான். அணையா விளக்குக்கு இன்னார் இத்தனை ஆடு விட்டார், அதற்கு இவர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும் என்பது போன்ற கணக்குகள் அவை. அங்கே பெயர் ஒரு பொறுப்பைச் சுமக்கிறது. நாளைக்கு விளக்கு அணைந்தால் யாரைக் கேட்பது என்பதற்காக எழுதியது. நம் நாளில் கோயிலுக்கு ஒரு குழல் விளக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, 'உபயம்' என்று தொடங்கித் தன் பெயர், தகப்பனார் பெயர், கடையின் பெயர் எல்லாவற்றையும் அதன்மேலேயே எழுதி, வெளிச்சத்தில் பாதியை மறைத்துவிடுகிறோம்.

தண்டையார்பேட்டையைப் பற்றிப் பேசிவிட்டு அந்தப் பெயரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இராமநாதபுரம் சீமையில், தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் 1792-இல் பிறந்த ஒரு சூஃபி ஞானி, வீடு வாசல் துறந்து வடசென்னைக்கு வந்து தங்கினார். பெற்றோர் வைத்த பெயர் சுல்தான் அப்துல் காதிர். அந்தப் பெயரால் அவரை அறிந்தவர்கள் இன்று குறைவு. இறைவனிடத்தில் தன்னை மறந்தவர் என்பதால் மஸ்தான் என்றார்கள்; தொண்டிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதால் தொண்டியார் என்றார்கள். அவர் அடக்கமான தர்கா இங்கே இருக்கிறது. தொண்டியார் இருந்த பேட்டை தொண்டியார்பேட்டை ஆயிற்று, அதுவே தண்டையார்பேட்டை ஆயிற்று என்று ஊரார் சொல்லுவார்கள்.

சரித்திரம் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எழும்பூரோடும் புரசைவாக்கத்தோடும் சேர்த்து இந்தக் கிராமத்தைக் கிழக்கிந்தியக் கும்பெனி 1693-லேயே பெற்றுவிட்டது. ஞானி பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முந்திய சங்கதி. பெயர் ஆளுக்கு மூத்தது. ஆனாலும் எனக்கு இந்தக் கதை பொய்யாகப் படவில்லை. கும்பெனித் துரைகள், நவாபுகள், வியாபாரிகள் என்று எத்தனையோ பேர் இந்த மண்ணில் நடந்து போனார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு, ஒன்றும் இல்லாமல் வந்து உட்கார்ந்த ஒரு மனிதரின் பெயரால்தான் எங்கள் ஊர் வழங்குகிறது என்று சொல்லிக்கொள்ள இந்த மக்கள் விரும்பியிருக்கிறார்கள். அதற்காகக் காலக் கணக்கைக்கூட அவர்கள் பொருட்படுத்தவில்லை. இதை அவர் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை.

பிழைப்புக்காகச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும். சொல்லி முடித்ததும் அடுத்தவருக்கு இடம் விட்டு நகரட்டும். ஏற்கெனவே ஊர் அறிந்தவர்கள் சுவரை ஊருக்கே விட்டுவிடட்டும். அவர்களைப் பற்றி ஊருக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் ஊரே சொல்லும். அதற்குப் பசை வேண்டியதில்லை.