விளிம்பில் ஒரு பெயர்

கும்மிடிப்பூண்டி உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு வண்டி வண்டியாய் வந்து இறங்குவதை நாம் அன்றாடம் காண்கிறோம். உருகும் உலோகத்திற்குப் பெயரில்லை. முதல் உலகப் போர் முடிந்தபின் பிரித்தானிய அரசு வழங்கிய பதக்கத்திற்கோ பெயர் உண்டு. ஒருபுறம் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ். மறுபுறம் குதிரைவீரனுடன் 1914, 1918 என்னும் ஆண்டுகள். விளிம்பில் பெற்றவனின் எண்ணும் பெயரும். போர்வீரனுக்கு வெள்ளி; இந்தியத் தொழிலாளர் படையில் மூட்டை சுமந்தவனுக்கு வெண்கலம். சாவு அந்த வேறுபாட்டைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வெள்ளி என்பதாலேயே அவற்றுள் பல உருக்கப்பட்டு அழிந்தன. ஆகவே விலைகொடுத்துச் சேகரிப்போரை நாம் எளிதில் பழித்துவிட இயலாது. பெயரன் விற்ற பெயரை அந்நியர் ஒருவர் காத்திருக்கிறார். ஆயினும் நெஞ்சு முழுதும் ஒப்பவில்லை. புனிதர்களின் திருப்பண்டங்களை விற்கலாகாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1190ஆம் விதி அறுதியிட்டுத் தடுக்கிறது. பதக்கம் திருப்பண்டம் அன்று. கொல்லும் தொழிலுக்குக் கிடைத்த கூலி என்றுகூட ஒருவர் சொல்லலாம். எனினும் ஒரு மனிதன் தன் உயிரைப் பணயம் வைத்ததற்கு அது சாட்சி.

விற்ற குடும்பத்தை நாம் குறைகூறோம்; பசித்த வீட்டில் வெள்ளி வெள்ளியே. வாங்கியவரிடமே நம் கேள்வி: உலோகத்திற்கு விலை தந்தீர், விளிம்பில் உள்ளவனுக்கு யாது கடன்பட்டீர்? அவன் ஊரைத் தேடினீரா? அவன் வீட்டார் என்றேனும் உம் வாசலுக்கு வந்தால், அதை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்கத் தருவீரா?