கேட்பது நம் கடமை

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்த திருடர்கள், 2 கோடி டொலரை இலங்கைக்குத் திருப்பினார்கள். இவ்வளவு பெரிய தொகையா என்று சந்தேகித்த பான் ஏசியா வங்கி, காசை விடுவிக்காமல் இடைவங்கியிடம் விசாரித்தது. அந்தக் காசு தப்பியது. அதே திருட்டில் பிலிப்பைன்ஸ் போன 8.1 கோடி டொலரில் பெரும்பகுதி மீளவில்லை.

ஏறாவூர்ப் புடவைக்கடைக்கும் அரிசி ஆலைக்கும் இதே பாடம்தான்: சந்தேகம் வந்தால் கேளுங்கள். காசு அனுப்பிவிட்டதாக வட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பிச் சரக்கை ஏற்றாதீர்கள். கணக்கில் காசு விழுந்ததா என்று பாருங்கள். ஓடிபி இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். காசு வாங்குபவரே கணக்கும் எழுத வேண்டாம். “இது சரியா, முதலாளி?” என்று கேட்கும் ஊழியரைக் கடிந்துகொள்ளாதீர்கள், உங்கள் கல்லாவுக்கு அவரே முதல் காவல்.