கட்டணமும் கல்வியும்

தனியார் பல்கலைக்கழகமொன்றில் கட்டுமானப் பொறியியல் பயிலும் இளைஞன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “சாமி, இலட்சக்கணக்கில் கட்டணம் செலுத்துகிறோம். செய்முறைப் பதிவேட்டை நண்பனைப் பார்த்து எழுதினால் அதுவும் பாவமா?”

பணம் கொடுத்தவனுக்கே பொருள் சொந்தம் என்பது சந்தையின் நியதி. கல்வியைச் சந்தைப் பொருளாக்கலாமா? கல்வி நிறுவனங்கள் இலாப வேட்டையில் இறங்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டு டி.எம்.ஏ. பாய் வழக்கில் வரையறுத்தது. கொடுப்போருக்கு வரம்பு உண்டெனில் பெறுவோருக்கும் உண்டன்றோ? கட்டணம் இருக்கையைப் பெற்றுத் தரும், அறிவைத் தராது.

கான்கிரீட் கட்டியை 28 நாள் நீரில் பதப்படுத்தி, நொறுங்கும்வரை அழுத்தி, அதன் வலிமையை அளப்பது அவனது பாடத்தில் ஒரு சோதனை. அளக்காமலே எண்களைப் பெயர்த்தெழுதப் பழகியவன், நாளை எழுப்பும் பாலத்திலும் அவ்வாறே செய்யக்கூடும். அதன்மீது நடக்கும் முகமறியா அயலான், அவனுடைய கையெழுத்தை நம்பியே காலடி வைக்கிறான். அந்த நம்பிக்கையைக் காப்பதும் பிறரன்பே.