ஆறு எழுத்துகள்

ஏ, ஈ, ஐ, என், ஆர், டி. இந்த ஆறு ஆங்கில எழுத்துகளையும் ஒரு துண்டுத் தாளில் வட்டமாக எழுதி வைத்திருக்கிறேன். வரிசையாக எழுதினால் கண் உடனே படிக்கத் தொடங்கிவிடும். வட்டத்தில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அது சற்று நேரம் சும்மா இருக்கும்.

முதலில் ‘ரெய்ன்’ வருகிறது. பிறகு ‘ட்ரெய்ன்’, ‘நியர்’, ‘டியர்’. கண்ணீரைக் குறிக்கும் ‘டியர்’தான், அன்புக்குரிய ‘டியர்’ இந்த எழுத்துகளில் அடங்காது. எல்லாம் பள்ளிக்கூடத்துச் சொற்கள். அப்புறம் எதுவும் வருவதில்லை. அந்த எதுவும் வராத நேரத்துக்காகத்தான் உட்காருகிறேனோ என்றுகூடத் தோன்றும்.

*

மழை என்றால் குடை நினைவுக்கு வரும். பொருளைப் பிடித்துக்கொண்டு சொல்லிடம் போகும் பாதை நமக்குப் பழகியது. எதுகையைப் பிடித்துக்கொண்டு போகும் பாதையும் பழகியதுதான். ஆனால் நாலைந்து எழுத்துகளைக் கையில் கொடுத்து, ‘இதற்குள் அடங்குகிற சொல்லைச் சொல்’ என்றால் மனம் திகைக்கிறது. அந்த முறையில் எதையும் அது அடுக்கி வைத்ததே இல்லை.

ஆங்கிலத்தில் எழுத்து ஒருபுறம், ஓசை ஒருபுறம் என்பதால் திகைப்பு இன்னும் கூடுகிறது. விழித்திரையைச் சொல்லும் ‘ரெடினா’வும், தக்கவைத்துக்கொள்வதைச் சொல்லும் ‘ரீடெய்ன்’னும் இந்த ஆறு எழுத்துகளையும் ஒவ்வொரு முறை மட்டும் கொண்டு அமைந்தவை. இங்கே தமிழில் எழுதிக் காட்டும்போது அந்த உறவு தெரியவே தெரியாது. காதுக்கும் எட்டாது. பொருளையும் ஓசையையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பார்க்கிற கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

*

1930களில் நியூயார்க்கில் வேலை இழந்திருந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். செய்தியை அல்ல, எழுத்தைப் படித்தார். பின்னாளில் ஸ்கிராபிள் என்று பெயர் பெற்ற ஆட்டம் அந்தக் கணக்கில் பிறந்தது. அதன் 100 கட்டைகளில் ஈ மட்டும் 12. கியூவும் இசட்டும் ஒன்றே ஒன்று. ஆனால் ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எஸ்ஸுக்கு அவர் கொடுத்தது நான்குதான். தாராளமாகக் கொடுத்திருந்தால் எந்தப் பெயர்ச்சொல்லின் வாலிலும் ஒரு எஸ்ஸை ஒட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீ என்ற சொல் ஆட்டம் 2014இல் அச்சிலும் 2018இல் இணையத்திலும் வந்தது. தேன்கூடு போல ஏழு அறுகோணங்கள், ஏழு எழுத்துகள். நடுவில் இருப்பது ஒவ்வொரு சொல்லிலும் வந்தாக வேண்டும். நான்கு எழுத்துக்குக் குறைந்தால் செல்லாது. அங்கேயும் எஸ்ஸுக்கு இடமில்லை. பல பத்தாண்டுகள் இடைவெளியில் வந்த இரண்டு ஆட்டங்களும் ஒரே எழுத்தைக் கண்டு உஷாராக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஐ, என், ஜி மூன்றும் சேர்ந்து கிடைத்துவிட்டாலும் இதே கதைதான். வினைச்சொற்கள் வரிசையில் வந்து நிற்கும். அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டேன், வசூல்.

*

வால் கிடைக்காமல் தவித்தவர் எர்னஸ்ட் வின்சென்ட் ரைட். ஈ என்ற எழுத்தே இல்லாமல் 50,000 சொற்களுக்கு மேல் ‘கேட்ஸ்பி’ என்ற நாவலை எழுதினார், வெளிவந்தது 1939இல். கைதவறி விழுந்துவிடக் கூடாது என்று தட்டச்சுப் பொறியில் ஈ விசையைக் கட்டியே வைத்துவிட்டாராம். இறந்தகாலம்தான் அவரை அதிகம் படுத்தியது. ஆங்கில வினைகளில் பெரும்பாலானவை கடந்துபோனதைச் சொல்ல அந்த ஈயைத்தான் நம்பியிருக்கின்றன.

*

தாளை மூடி வைத்துவிட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது ‘இட்டினரன்ட்’ வந்தது. ஒரு இடத்தில் தங்காமல் ஊர் ஊராகத் திரிபவர். ஐ இரண்டு, டி இரண்டு, என் இரண்டு, மற்றவை ஒவ்வொன்று. ஒரு எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் ஸ்பெல்லிங் பீ விதி. இருந்தும் மனம் தானாகவே ஒரு சிக்கனத்தைப் போட்டுக்கொள்கிறது. கையில் ஆறு இருந்தால் ஆறெழுத்துக்குள்ளேயே சுற்றுகிறது. அது தளர்ந்ததும் ‘என்டர்டெய்ன்’, ‘இரிடேட்’, ‘டெரெய்ன்’ என்று ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. கீரை ஆய்வது நின்றுபோனது.

*

ஒரே எழுத்துகளால் ஆன சொற்களைச் சேர்த்துவைப்பது கணினிக்கு ஒரு நொடி வேலை. அகராதியின் ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கிவிடும். ரெடினாவும் ரீடெய்னும் ஏ-ஈ-ஐ-என்-ஆர்-டி என்ற ஒரே உருவத்துக்கு வந்து ஒரே பெட்டியில் விழும். ஸ்கிராபிள் ஆட்டக்காரர்கள் பலர் தங்கள் கட்டைகளை அப்படித்தான் அடுக்கிப் பார்க்கிறார்கள். அந்த வரிசைக்கு ஆல்ஃபாகிராம் என்று பெயர். அப்படி அடுக்கினால் ‘எஜுகேஷன்’ விழும் பெட்டியிலேயே, ஏலம் விட்டதைச் சொல்லும் ‘ஆக்‌ஷன்ட்’டும் விழுகிறது. அகரவரிசைக்கு உள்நோக்கம் எதுவும் கிடையாது.

*

இல்லாத எழுத்தைப் பார்ப்பது இன்னும் கடினம். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் சங்கேத முறியடிப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில், மேவிஸ் லீவர் என்ற இளம்பெண் எனிக்மா என்ற சங்கேதப் பொறியில் உருவான இத்தாலியக் கடற்படைச் செய்தி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எல் என்ற எழுத்து ஓரிடத்தில்கூட இல்லை. எனிக்மா எந்த எழுத்தையும் அதே எழுத்தாக மாற்றாது. அப்படியானால் அனுப்பியவர் எல் விசையை மட்டுமே அழுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். சோதனைச் செய்திதானே என்ற அலட்சியம். அந்த வெற்றிடத்தைப் பிடித்துக்கொண்டு பொறியின் உட்கம்பி அமைப்புவரை போக முடிந்தது.

*

நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் ஆங்கில ஸ்கிராபிளில் பலமுறை உலக வாகையர். 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தையும் வென்றார். பிரெஞ்சு பேசத் தெரியாது. போட்டிக்கு முந்தைய சில வாரங்களில் பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்திருந்தார். பெரும்பாலான சொற்களுக்குப் பொருள் தெரியாது. அதை அறிவு என்று சொல்லலாமா என்று சிலர் கேட்டார்கள். எனக்கென்னவோ பொறாமைதான் வருகிறது. ‘ரெய்ன்’ என்றதும் எனக்கு ஈர வாசனை வந்துவிடுகிறது. அடுத்த சொல்லைத் தேட நேரமாகிறது. அவருக்கு அந்தத் தாமதம் இல்லை. 2024இல் ஸ்பானிஷ் உலகப் பட்டத்தையும் வாங்கினார். ஸ்பானிஷும் அவருக்குப் பேச வராது.