இல்லம் எழுதிக் கொடுத்தலும் இல்லற நெறியும்

இல்லறத்தில் நின்று பொருளீட்டிய சாவகர், முதுமையில் அப்பொருளின் பாரத்தை மக்களிடம் ஒப்படைத்து அறவழியில் மனம் செலுத்துதல் வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த நெறியாகும். அந்நெறியை எண்ணி, தாம் வாழும் வீட்டை மக்கள் பெயருக்கு எழுதிக் கொடுக்கும் பெரியோர் நம்மிடையே உண்டு. இக்காலத்தில் வேறொரு நோக்கமும் அதனோடு கலந்து வருகிறது. மருத்துவத்திற்கும் பராமரிப்பிற்கும் ஆகும் செலவில் வீடு கரைந்துவிடலாகாது; ஆதலின் முன்னரே மக்கள் பெயருக்கு மாற்றிவிடுவோம் என்பதே அது. இவ்வாறு எழுதிக் கொடுத்தல் துறவா, கொடையா, செலவினின்று தப்பும் உபாயமா என்பதை நாம் நடுநின்று ஆராய்தல் வேண்டும்.

முதலில் துறவு என்னும் எண்ணத்தைக் காண்போம். சாவகர் ஏறும் பதினொரு படிகளுள் ஒன்பதாவது பரிக்கிரக தியாகம். பத்தாவது அனுமதி தியாகம். பொருளின் மீதுள்ள 'எனது' என்னும் பற்றை விடுதல் முன்னது. குடும்பக் காரியங்களில் தம் இசைவையும் விலக்கிக் கொள்ளுதல் பின்னது. ஆதிபகவன் ரிஷபதேவர் பரதனுக்கும் பாகுபலிக்கும் ஏனைய மைந்தர்க்கும் நாட்டைப் பகிர்ந்தளித்தார். அளித்தபின் அரண்மனையில் தங்கவில்லை, தவம் பூண்டார். நாமோ பத்திரம் எழுதியபின் அதே வீட்டில், அதே அறையில், அதே அடுப்பின் உணவை எதிர்நோக்கி வாழ்கிறோம். இது குற்றமன்று, இல்லறத்தார்க்கு இயல்பே. எனினும் இதனைத் துறவு என்று அழைத்தல் உண்மையாகாது. உடைமை கைமாறியது, தேவை நம்மிடமே இருக்கிறது.

இனிச் செலவினின்று தப்பும் எண்ணத்தைக் காண்போம். இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் சேர்வோரின் செலவில் உள்ளாட்சி மன்றம் பங்கேற்க வேண்டுமாயின், அவருடைய உடைமை 23,250 பவுனுக்கு மிகாதிருத்தல் பொதுவிதி. அச்செலவைத் தவிர்க்கும் கருத்துடனேயே வீட்டை மக்களுக்கு மாற்றினார் என்று மன்றம் கண்டால், 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் வழியே அவ்வீட்டை இன்னும் அவருடையதாகவே கணக்கிட இயலும். பெயர் மாறினாலும் நோக்கம் மாறாது என்பதே அதன் உட்பொருள்.

நம் நாட்டில் முதியோரின் செலவைப் பெரும்பாலும் குடும்பமே தாங்குகிறது. ஆகவே இங்கே இவ்வுபாயம் வேறு வடிவங்களில் வருகிறது. வீட்டை மகன் பெயருக்கு மாற்றிவிட்டு, ஆதரவற்றோர்க்கென அரசு வழங்கும் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தல் ஒன்று. வீடு ஒருவருக்கு, மருந்துச் செலவும் நோயில் துணையிருத்தலும் மற்றொருவருக்கு என விட்டுவிடுதல் இன்னொன்று. இவ்விரண்டிலும் செலவு மறைவதில்லை, தோள்தான் மாறுகிறது. முன்னதில் உண்மையான ஏழையின் தோளிலும், பின்னதில் பெரும்பாலும் ஒரு மகளின் தோளிலும் அப்பாரம் இறங்குகிறது. பிறர்க்குரியதைக் கொள்ளாமையும் பொய்யாமையும் நம் அணுவிரதங்கள். பத்திரப் பதிவு முறையாக நடந்தது என்பதனால் மட்டும் இவ்விரதங்கள் காக்கப்பட்டன என்று ஆகாது.

அவ்வாறாயின் மக்களுக்கு அளித்தலின் நேரிய வழி யாது? ஜினசேனாசாரியர் இயற்றிய ஆதிபுராணம் கொடையைத் தயாதத்தி, பாத்திரதத்தி, சமதத்தி, சகலதத்தி என நால்வகையாகக் கூறும். மகனுக்கு அனைத்தையும் ஒப்படைப்பது சகலதத்தி. அங்கே பொருள் மட்டும் கைமாறுவதில்லை. குலத்தின் அறநெறியும் அதனோடு சேர்த்தே அளிக்கப்படுகிறது. கடமையைப் பிரித்துவிட்டுச் சுவரையும் கூரையையும் மட்டும் கொடுப்பது சகலதத்தி ஆகாது.

நோக்கத்தைச் சொல்லிக் கொடுத்தல் நம் தருமபுரிக்குப் புதியதன்று. அக்காலத்தில் தகடூர் எனப்பட்ட இவ்வூரில் நிதியண்ணன், சந்தியண்ணன் என்னும் வணிக உடன்பிறப்பினர் ஒரு ஜினாலயம் எழுப்பினர். சகம் 815, அதாவது கி.பி. 893இல், நிதியண்ணன் நுளம்ப மன்னன் மகேந்திரனிடம் மூலப்பள்ளி என்னும் ஊரைப் பெற்று, ஆலயத்தைப் பழுதுபார்ப்பதற்கென்றே கனகசேன முனிவரிடம் அளித்தான் எனக் கல்வெட்டுக் கூறுகிறது. முனிவர்பால் ஐயம் கொண்டா நோக்கத்தைக் கல்லில் பொறித்தனர்? இல்லை, பின்வருவோர் மறவாதிருத்தற்பொருட்டே பொறித்தனர்.

இன்றைய சட்டமும் இதனையே வேண்டுகிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன் சொத்தைப் பெற்றவர் அதனைச் செய்யத் தவறினால், அம்மாற்றம் செல்லாதென அறிவிக்கத் தீர்ப்பாயத்திற்கு அதிகாரம் உண்டு. நிபந்தனை இருந்தது என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும் என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்து அன்னை ஒருவரின் தானப் பத்திரத்தை, மகன் எழுதித் தந்த உறுதிமொழியையும் கருத்திற்கொண்டு ரத்து செய்து வீட்டைத் திரும்ப அளித்தது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினத்து அன்னையின் வழக்கில், அன்பின்பேரில் எழுதியதாகக் கூறும் சொற்களிலேயே நிபந்தனை அடங்கியுள்ளது எனக் கொண்டது. தீர்ப்புகள் இவ்வாறு வேறுபடுவதால், நிபந்தனையை வெளிப்படையாக எழுதிவிடுவதே தக்கது. நம் மாவட்டத்தில் தருமபுரி, அரூர் கோட்டாட்சியர்களிடம் இதற்கு முறையிடலாம். பராமரிக்கும் கடமையுடைய மக்கள் என இச்சட்டம் சொல்வதில் மகளும் அடங்குவாள்.

"பெற்ற மகனிடம் நிபந்தனையா?" எனச் சிலர் மனம் நோவர். கடமையுணர்ந்த மகனுக்கு அவ்வரி சுமையாகாது. உடன்பிறந்தாரின் ஐயத்தினின்றும் அவனைக் காக்கும். கடமை மறப்பவனுக்கோ அது நினைவூட்டும். பத்திரம் எழுத மனமில்லாதோர் உயில் எழுதலாம். அது மறைவிற்குப் பின்னரே செயற்படும், வாழ்நாளில் மாற்றவும் இயலும். எழுதியே கொடுப்போர், ஆயுள் உள்ளவரை வீட்டில் வசித்து அனுபவிக்கும் உரிமையைத் தமக்கும் துணைவர்க்கும் குறித்துக் கொள்ளலாம். எவ்வழியாயினும், மக்கள் அனைவரையும் ஒருங்கே அமர்த்தி, வீடு யாருக்கு, பராமரிப்பு யாருடையது, செலவு எவ்வாறு பகிரப்படும் என்பதை அவர்கள் முன்னிலையில் பேசி முடிவு செய்தல் நன்று.

இளையோர்க்கும் ஒரு சொல். பெற்றோர் பெயரில் வீடு இருக்கும்போது காட்டும் பணிவு, பத்திரம் கைக்கு வந்தபின் குறையுமாயின், அப்பணிவு வீட்டிற்குச் செலுத்தியதே அன்றிப் பெற்றோர்க்குச் செலுத்தியதாகாது. சமைத்த உணவும், வேளைக்கு மருந்தும், ஜினாலயம் சென்று வரத் துணையும் அவர்களுக்குக் கிடைக்கின்றனவா என்பதே அளவுகோல்.

பொருளை வரையறுத்தல் நம் விரதம். கடமையை வரையறுத்துக் குறைத்துக் கொள்ளுதல் விரதமாகாது. கொடுப்போர் உண்மை கூறிக் கொடுப்பாராக. பெறுவோர் கடமையோடு பெறுவாராக.